பன்றிகளின் பயமும் ஆய்வு முடிவுகளும்

ஆசிரியருக்கு,

பன்றியின் உறுப்புகளை மனிதருக்குப் பொருத்தும் ஆய்வுகள் பற்றிய கட்டுரையில் மரபணு மாற்றத்தை விரிவாக எழுதியிருந்தீர்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பன்றிகளை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

மேல்தாடையில் சுருக்கு மாட்டி இழுத்துப் பிடித்து ரத்தம் எடுத்தால் பன்றி அலறும். கூடவே கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், இதயத் துடிப்பு எகிறும். அந்த ரத்தத்தில் நாம் அளப்பது மருந்தின் விளைவையா, பயத்தின் விளைவையா? ஆஸ்திரேலியாவில் விலங்கு நடத்தை ஆய்வாளர் பால் ஹெம்ஸ்வொர்த் குழுவினர் 1980களிலேயே, முரட்டுத்தனமாகக் கையாண்ட பன்றிகள் மனிதரைக் கண்டு ஒதுங்குவதையும் அவற்றின் வளர்ச்சி குன்றுவதையும் காட்டிவிட்டார்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவும் இல்லை. பன்றி வந்த புதிதில் பராமரிப்பாளர் கொட்டிலுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். பன்றிக்கு ஆர்வம் அதிகம், தானே வந்து முகர்ந்து பார்க்கும். பிறகு ஆப்பிள் துண்டு கொடுத்து எடை மேடையில் ஏறவும், கால் நுழைய ஓட்டை வைத்த துணித் தொட்டிலில் படுக்கவும் படிப்படியாகப் பழக்கலாம். கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் துணைப்பன்றி கண்ணில் படும்படி இருந்தால் இன்னும் நல்லது.

நேரம் ஒதுக்க மனமில்லாததுதான் பெரும்பாலும் தடை என்பது என் எண்ணம். விலங்கு ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுக்கள் அனுமதி தரும்போதே, பழக்குவதற்கான நாட்களையும் ஆய்வு அட்டவணையில் கேட்டு வாங்க வேண்டும்.

– கால்நடை மருத்துவர், நாமக்கல்