அதைப் 'படிப்பு மாத்திரை' என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வு நேரத்தில் மாணவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு விழித்துப் படிப்பது பற்றி உங்கள் நாளிதழில் கட்டுரை வந்திருந்தது. எழுத வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பிலேயே 'படிப்பு மாத்திரை' என்று போட்டுவிட்டீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனத்தை ஒருமுகப்படுத்த முடியாத குறைபாடு, இருக்கிறது. அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மீதைல்ஃபெனிடேட் என்ற இதே மாத்திரையை ஏழு வருடமாகச் சாப்பிடுகிறேன். எனக்கு அது, எடுத்த பொருளை எங்கே வைத்தோம் என்று தேடாமல் ஒரு நாளை ஓட்டுவதற்கான மருந்து, அவ்வளவுதான்.

கல்லூரிக் கடைசி வருடத்தில் அறைத்தோழன் கேட்டான், "உன்கிட்டதான் அட்டை அட்டையா இருக்கே, ரெண்டு கொடுடா" என்று. கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான். ராத்திரி முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் போய்ப் பார்த்தால், முதல் பாடத்தை மட்டும் நாலு நிறப் பேனாவில் வரிக்கு வரி கோடு போட்டு, ஓரத்தில் எண் எழுதி, கட்டம் கட்டி வைத்திருக்கிறான். இரண்டாம் பாடத்தின் பக்கம்கூடப் புரட்டவில்லை. முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி, "இவ்ளோ தெளிவா நான் படிச்சதே இல்லடா" என்றான்.

பிறகுதான் தெரிந்தது, இது அவன் ஒருவனின் கதை இல்லை என்று. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் குறைபாடு இல்லாதவர்களுக்கு இவ்வகை மாத்திரைகளைக் கொடுத்துக் கணக்குப் புதிர்களைப் போடச் சொன்னார்கள். மாத்திரை போட்டதும் கூடுதல் நேரம் மெனக்கெட்டார்கள், ஆனால் போட்ட கணக்கின் தரம் குறைந்தது. விழிப்பு வருகிறது, தெம்பு வருகிறது, புத்தி வருவதில்லை.

தேர்வு முடிந்தும் அவன் விடவில்லை. இந்த மாத்திரையில் சாதாரண வகையின் வேகம் நாலு மணி நேரம் போல இருக்கும், இறங்கும்போது உடம்பு துணி மாதிரி துவண்டுவிடும், அந்தத் துவளலுக்குப் பயந்துதான் அடுத்தது, பிறகு தூக்கம் போய், பசி போய், காலையில் எழுந்திருக்க இன்னொன்று. ஒருநாள் என் அட்டையில் நாலு குழி காலி. ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை நான்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நிறுத்திய பிறகு பல நாள் படுத்தே கிடந்தான், பேச்சே இல்லை.

இந்த மருந்தால் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் அளவாக, மெதுவாக ஏறுவது வேறு. கண்டபடி விழுங்கியோ பொடித்து மூக்கில் இழுத்தோ சடாரென்று ஏற்றுவது வேறு. இரண்டாவதில்தான் மூளை ருசி கண்டுவிடுகிறது. 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலேயே மீதைல்ஃபெனிடேட் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் எச்சரிக்கையையும் திருத்தச் சொன்னபோது, தவறாகப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது வீட்டாரிடமிருந்தோ நண்பர்களிடமிருந்தோதான் கிடைக்கிறது என்று சொன்னது. அதாவது என்னைப் போன்ற ஆட்களிடமிருந்து! உங்கள் கட்டுரை இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டுரையைப் படித்துவிட்டு அம்மா போன் செய்து, "உன்னையும் இது அடிமையாக்கிடும்ப்பா, இன்னிக்கே நிறுத்திடு" என்று அழுதார். மருத்துவர் சொன்ன அளவில், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை எல்லாம் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவரும் அறைத்தோழனிடம் வாங்கி விழுங்குகிறவரும் உங்கள் கட்டுரையில் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். மருத்துவரைக் கேட்காமல் பயந்து நிறுத்துகிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் படும் பாடு யார் கண்ணிலும் படாது.

என் அட்டை இப்போது பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. அம்மாவுக்கு நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை, அச்சில் வந்தால்தான் நம்புவார். ஒரு சின்ன விளக்கம் போடுங்கள், கத்தரித்து அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்