குழந்தைகள் இல்லத்தில், விடுதியில் பிள்ளையைச் சேர்க்கும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை முடியும் இந்த நேரத்தில் உசிலம்பட்டியைச் சுற்றிப் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். அப்பா வெளியூர் முறுக்குக் கம்பெனிக்கு, அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளையை எங்கே விடுவது? தெரிந்தவர் ஒருவர் ஏதாவதொரு இல்லத்தைச் சொல்கிறார். சாப்பாடு, துணிமணி, படிப்பு எல்லாம் இலவசம். நல்ல மனதோடு நடத்தப்படும் இல்லங்கள் உண்டு; அங்கிருந்து நம் பள்ளிக்கு வந்து நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனாலும் விசாரிக்காமல் சேர்க்காதீர்கள்.

"சும்மா சோறு போட்டுப் படிக்க வைக்கிறாங்க, அவங்களைப் போய் என்னத்தைக் கேக்குறது சார்?" என்கிறீர்கள். எனக்குப் பெரிய கவலை இந்தக் கூச்சம்தான். பிள்ளையை அடிக்கிறவருக்கும் தப்பாகத் தொடுகிறவருக்கும் உங்கள் நன்றிக்கடனே மதில்சுவராகிவிடுகிறது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று வார்டனிடம் பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதைக் கேட்ட பிள்ளை, நாளைக்கு அடிபட்டால் உங்களிடம் வந்து சொல்லுமா?

கேட்பது உங்கள் உரிமை. குழந்தைகள் இல்லம் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை இல்லாமல் அங்கே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. தனியார் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். மாமல்லபுரத்து இல்லங்களில் பிள்ளைகள் பட்ட பாலியல் கொடுமை பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு கடிதமே வழக்காகி, எல்லா இல்லங்களும் பதிவு செய்தாக வேண்டும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் 2021இல் நம் மதுரையிலேயே, காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டி விற்ற கொடுமை வெளியே வந்தது.

இல்லத்தை நடத்துகிறவரோ ஊழியரோ பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவல். பாலியல் குற்றமென்றால், அதிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பாயும். அந்தக் குற்றம் தெரிந்தும் மறைப்பதே தண்டனைக்குரியது. ஆகவே "மானம் போயிரும், வெளியே சொல்லாதீங்க சார்" என்று நீங்கள் என் கையைப் பிடித்துக் கேட்டாலும் நான் புகார் கொடுத்தே தீருவேன். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிற விஷயமல்ல இது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்தடிப்பார்கள் என்றும் பயப்பட வேண்டாம். பெண் காவல் அதிகாரி சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க முடியும். பெயரோ படமோ பத்திரிகையில் வரக் கூடாது.

ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பிள்ளையோடு தனியே பேசுங்கள். விடமாட்டோம் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். திடீரென்று படுக்கை நனைப்பது, ஒருவர் பெயரைச் சொன்னாலே ஒடுங்குவது, லீவு முடிந்து திரும்பிப் போகமாட்டேன் என்று அழுவது எதையும் அடம் என்று தள்ளாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கணவரை இழந்த தாய்மார்கள் பலர், வறுமையால் மட்டுமே பிள்ளையைப் பிரிகிறீர்கள். தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். மதுரை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். மனு எழுத நம் ஆசிரியர்கள் உதவுவார்கள். இல்லத்தில்தான் சேர்ப்பது என்று முடிவெடுத்தாலும் அவர்கள் தரும் பதிவுச் சான்றின் நகலோடு முதலில் பள்ளிக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து வாசிப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்