கன்னத்தில் ஒதுக்கிய இடம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். விருந்தில் எல்லாரும் கறிக்குழம்பு சாப்பிட, நீ மட்டும் தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டதாக எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். வாயில் புண், காரம் பட்டால் எரிகிறது, மணத்தக்காளிக் கீரை சாப்பிடுகிறேன் என்கிறாய். எத்தனை நாளாக என்று மட்டும் எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டாயோ?

பஞ்சுக்கு நடுவே பீடி பற்றவைக்க முடியாது என்றுதானே மில்லில் இந்தப் புகையிலைப் பழக்கமே நமக்கு வந்தது. நைட் ஷிப்டில் தூக்கம் விரட்ட நீ கீழுதட்டுக்குள் வைப்பாய், நான் இடது கன்னத்தில் ஒதுக்குவேன். முப்பது வருடம் ஒரே இடம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று பல் டாக்டரிடம் போனேன். பல்லைப் பார்க்க வந்தவர் கன்னத்தை இழுத்து டார்ச் அடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். "இங்கேதானே வைப்பீர்கள்?" என்றார். கண்ணாடியில் காட்டினார். உள்ளே சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. சுரண்டினாலும் போகவில்லை. இதில் என்னவென்றால், எனக்கு வலியே இல்லை. ஆரம்பத்தில் வலிக்காது, அதனால்தான் ஆட்கள் வராமல் இருந்துவிடுகிறார்கள் என்றார். வெள்ளையைவிடச் சிவப்புத் திட்டு இன்னும் மோசமாம். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. புற்று இல்லை என்று வந்தது. ஆனால் பழக்கத்தை விடாவிட்டால் அப்படி மாறக்கூடும் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

உன்னுடையது எரிகிற புண். சுண்ணாம்பு சுட்டதாக இருக்கலாம், உடைந்த பல் உரசியதாகவும் இருக்கலாம். சாதாரணப் புண் என்றால் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் கீரையை நம்பி உட்காராதே. விளிம்பு கெட்டியாக இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ நாள் எண்ணவே வேண்டாம், உடனே போ.

அதுவரை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளி. சூட்டையும் காரத்தையும் தள்ளிவை. மருந்துக்கடையில் ஒரு ஜெல் தருவார்கள். அது மரக்க வைக்கும், அவ்வளவுதான். எனக்கும் ஒருமுறை புண் வந்தபோது அதைத் தடவிக்கொண்டு, வலி தெரியாத தைரியத்தில் மறுபக்கக் கன்னத்தில் புகையிலையை ஒதுக்கினேன். ஒரு புண் இரண்டு புண் ஆனதுதான் மிச்சம்.

விடுவது கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். முதல் நாலு நாள் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். கை தானாக இடுப்பு மடிப்புக்குப் போகும். டாக்டரிடம் கேட்டு நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். அதைச் சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். மருமகள் அந்தச் சீட்டைப் படித்துக்காட்டியபோது சிரித்துவிட்டேன். ஒதுக்கிவைக்க நமக்கா சொல்லித்தர வேண்டும்! 1800-11-2356 என்று அரசாங்கத்தின் இலவச நம்பர் ஒன்று இருக்கிறது, புகையிலையை விட நினைப்பவர்களோடு பேசுவார்கள். அப்படியும் ஒரு கல்யாணத்தில் தாம்பூலத் தட்டைப் பார்த்துச் சறுக்கினேன். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. திட்டு பாதிக்கு மேல் மங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வருகிறேன்.

அப்புறம், தங்கச்சி "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்லுமே, அதுவும் சரியில்லை. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. பாக்கு நாள்பட உள்கன்னத்தை நார் மாதிரி இறுக்கி, வாயைத் திறக்கவிடாமல் செய்துவிடும். இன்று இரண்டு பேரும் வாயைத் திறந்து, மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் தங்கச்சியும் உன்னோடு வரட்டும்.

வருகிற வியாழக்கிழமை எனக்கு அடுத்த பரிசோதனை. காலையில் முதல் பஸ்ஸுக்கு ஏறினால் ஒன்பது மணிக்குள் இங்கே வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பக்கம் நிற்கிறேன். உனக்கும் சேர்த்து டோக்கன் போடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
சுப்பையா