அனிலீன் நைட்ரோ ஏற்றம்: விடையில் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வெளியான பிளஸ் டூ வேதியியல் வினா-விடையில், அனிலீனுடன் (பென்சீன் வளையத்தில் அமினோ தொகுதி உள்ள சேர்மம்) அடர் நைட்ரிக் அமிலம், அடர் கந்தக அமிலம் சேர்ந்த கலவை வினைபுரிந்தால் பாரா நைட்ரோ அனிலீன் மட்டும் கிடைக்கும் என்று இருக்கிறது. இது தவறு. 288 கெல்வினில் கிடைப்பது பாரா (அமினோ தொகுதிக்கு நேரெதிரே நைட்ரோ தொகுதி அமர்வது) 51 சதவீதம், மெட்டா (ஓரிடம் தள்ளி அமர்வது) 47, ஆர்த்தோ (பக்கத்திலேயே அமர்வது) வெறும் 2.

அமினோ தொகுதி ஆர்த்தோ, பாரா இடங்களுக்குத்தானே வழிகாட்டும், மெட்டா எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பார். அடர் அமிலத்தில் விழுந்ததுமே அனிலீன் புரோட்டானை ஏற்று அனிலினியம் அயனியாகிவிடுகிறது. நைட்ரஜனின் தனித்த இரட்டை எலக்ட்ரான் புரோட்டானிடம் மாட்டிக்கொண்டபின் வளையத்துக்குத் தர ஒன்றும் மிச்சமில்லை. நேர்மின்சுமை வளையத்திலிருந்து எலக்ட்ரானை இழுக்கவும் செய்கிறது. வளையத்தில் வந்து சேரும் நைட்ரோனியம் அயனி மெட்டாவுக்குப் போவது இதனால்தான். போதாக்குறைக்கு நைட்ரிக் அமிலம் அனிலீனை ஆக்சிஜனேற்றம் செய்து குடுவையில் கறுப்புத் தாராக்கிவிடும்.

பாரா வேண்டுமென்றால் முதலில் அமினோ தொகுதியை அசிட்டைல் தொகுதியால் மூடி, அனிலீனை அசிட்டனிலைடாக மாற்ற வேண்டும். 5 கிராம் உலர்ந்த அசிட்டனிலைடு தூளை 5 மி.லி. கிளேசியல் (நீரற்ற) அசிட்டிக் அமிலத்தில் கலக்கி, 10 மி.லி. அடர் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தானே சூடேறிக் கரையும். ஐஸ்-உப்புக் கலவையில் 2 டிகிரி செல்சியஸுக்கு இறக்கியபின், 2.2 மி.லி. நைட்ரிக், 1 மி.லி. கந்தக அமிலம் சேர்த்துக் குளிரவைத்த கலவையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையில் இருப்பது பாகு மாதிரி கெட்டி. கலக்குவது நின்றால் சொட்டு விழுந்த இடம் மட்டும் கொதித்து, டைநைட்ரோ சேர்மம் கலந்துவிடும். வெப்பமானி 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. பிறகு ஒரு மணி நேரம் அறை வெப்பநிலையில் வைத்து, 50 கிராம் உடைத்த ஐஸில் கொட்டி வடிகட்டலாம்.

பலரும் கோட்டைவிடுவது கழுவுவதில். நீல லிட்மஸ் சிவப்பது நிற்கும் வரை குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். அமிலம் தங்கினால், எத்தனாலில் சூடாக்கி மறுபடிகமாக்கும்போதே அசிட்டைல் தொகுதி கழன்று, படிகம் மஞ்சளாகிவிடும். சரியாகச் செய்தால் ஆர்த்தோ எத்தனாலிலேயே தங்கிவிடும். வெளிறிய பாரா நைட்ரோ அசிட்டனிலைடு படிகம் 214 டிகிரியில் உருகும். அதை 70 சதவீதக் கந்தக அமிலத்தில் அரை மணி நேரம் மீள்கொதிக்கவைத்து, நீரில் ஊற்றிக் காரமாக்கினால் மஞ்சள் நிறப் பாரா நைட்ரோ அனிலீன் விழும். உருகுநிலை 148 டிகிரி.

வேடிக்கை என்னவென்றால், அதே பக்கத்தில் அனிலீன் ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் வினைக்கு (வளையத்தில் கார்பன் தொகுதியைச் சேர்க்கும் வினை) உட்படாது, அலுமினியம் குளோரைடு அதன் இரட்டை எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் என்று சரியாகவே எழுதியிருக்கிறார்கள். அலுமினியம் குளோரைடு அங்கே செய்வதைத்தான் நைட்ரோ ஏற்றத்தில் புரோட்டான் செய்கிறது. பொதுத்தேர்வுக்கு முன் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர், கரூர்