ஒன்பது துண்டுத் தகடு

சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடித்து, சொட்டு மருந்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் பதில் எழுத முடியவில்லை. இப்போது பார்வை தெளிந்துவிட்டது, வீட்டில் எங்கெங்கே ஒட்டடை இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிகிறது.

சரி, நம் சண்டைக்கு வருகிறேன். மின்சாரக் கார் செய்யும் டெஸ்லாவைக் குறைசொன்ன நிபுணர்கள் எல்லோரும் பொறாமைக்காரர்கள், கடைசியில் மூக்குடைபட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதே. 2008இல் வந்த அவர்களுடைய முதல் கார் ரோட்ஸ்டரில், லேப்டாப்புக்குப் போடும் 18650 என்ற பேட்டரி செல்லை 6,831 எண்ணிக்கையில் அடுக்கினார்கள். காருக்கு இது ஆகாது என்றவர்கள் தோற்றார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காரில் இரண்டு கியர் வைத்த பெட்டி அடி தாங்காமல், கடைசியில் ஒற்றைக் கியருக்கு இறங்கிவந்தார்களே, அதை வசதியாக மறந்துவிட்டாய்.

சாண்டி மன்ரோ வேறு ரகம். ஃபோர்டில் வேலை பார்த்தவர், மிச்சிகனில் காரைக் கடைசி நட்டு வரை பிரித்துப்போட்டு எதற்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்கும் கம்பெனி வைத்திருக்கிறார். 2018இல் டெஸ்லாவின் மாடல் 3 காரைப் பிரித்தவர், கதவுகளின் இடைவெளியைப் பார்த்துவிட்டு 90களின் கியா மாதிரி இருக்கிறது என்றார். பின்சக்கரத்துக்கு மேலே குழிவாக வரும் பகுதி ஷெவி போல்ட் என்ற போட்டிக் காரில் ஒரே தகடு, இதில் ஒன்பது துண்டு, ரிவெட் ஒரு பக்கம் வெல்டிங் ஒரு பக்கம் என்று ஒட்டுப்போட்ட வேலை. அதே வாயால் பேட்டரியையும் எலக்ட்ரானிக்ஸையும் மனம்விட்டுப் புகழவும் செய்தார். இவரையா பொறாமைக்காரர் என்கிறாய்? 2021இல் அவருக்கே பேட்டி கொடுத்த டெஸ்லா முதலாளி மஸ்க், நீங்கள் சொன்ன குறைகள் சரிதான் என்று ஒப்புக்கொண்டாரே!

அதற்குள் டெஸ்லாவின் அடுத்த கார் மாடல் ஒய்யின் பின்பகுதி, அலுமினியத்தை உருக்கி அச்சில் செலுத்திச் செய்யும் வார்ப்பாகிவிட்டது. மாடல் 3இல் அந்த இடத்தில் சுமார் 70 துண்டுகள். அச்சை 6,000 டன் விசையில் இறுக்கிப் பிடிக்கும் மெஷினாம், நான் ஆயுசில் நின்று வேலை பார்த்தது 800 டன்னில்தான். அவ்வளவு பெரிய வார்ப்பை உறுதியாக்கச் சூட்டில் வைத்தால் கோணிக்கொள்ளும், அதனால் அந்த ஹீட் ட்ரீட்மென்டே தேவைப்படாத அலாயாக, அதாவது கலப்பு உலோகமாகத் தயாரித்தார்கள் பார், அங்கேதான் நான் தொப்பியைக் கழற்றினேன்.

ஆனாலும் பின்னால் பலமாக இடி வாங்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு உன் கடிதத்தில் பதிலே இல்லை. தகடு நசுங்கினால் இழுத்துத் தட்டலாம். வார்ப்பு தகடு அளவுக்கு வளைந்து கொடுக்காது, பலமாக இடித்தால் விரிசல் விடும். எங்கள் ஷெட்டில் விரிசல் விட்ட கம்ப்ரஸர் மூடி ஒன்று கிடக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வைக்கிறேன், சுத்தியலும் தருகிறேன், நீயே தட்டிப் பார்.

மணி