கலசம் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைகள் மூடிப்போன நடுத்தர நகரங்கள் தலைநிமிர ஒரே வழி ‘உலக நகரம்’ ஆவதுதான் என்று வாதிட்ட கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். முதல் தடவை நானும் தலையாட்டினேன். இரண்டாம் தடவை ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தைப் பற்றிய பத்தி வந்ததும் தடுக்கியது. இரும்பாலை போனது, குக்கன்ஹைம் அருங்காட்சியகம் வந்தது, ஊர் உலகப் புகழ் பெற்றது என்று மூன்றே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இந்தக் கதையை ஒரு மேயர் சொன்னால் போகட்டும் என்று விடலாம். பத்திரிகை சொல்லலாமா?

அந்தக் கட்டடம் திறந்தது 1997 அக்டோபரில். அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஊர் நடுவே ஓடும் நெர்வியோன் ஆறு, பல தலைமுறைகளாக ஆலைக் கழிவையும் வீட்டுச் சாக்கடையையும் சுமந்தது. அதைச் சுத்தப்படுத்தும் வேலை எண்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. துறைமுகத்தைக் கடல் பக்கமாக நகர்த்தினார்கள். 1992-ல் ஸ்பெயின் மத்திய அரசும் பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதியின் நிர்வாகங்களும் சேர்ந்து ‘பில்பாவோ ரியா 2000’ என்று ஓர் அமைப்பை உண்டாக்கி, துறைமுகமும் ரயில்வேயும் காலி செய்த நிலங்களைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை அதனிடம் விட்டார்கள். 1995-ல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. இதெல்லாம் போக, பாஸ்க் பகுதிக்குத் தன் வரியைத் தானே வசூலித்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஒவ்வொரு திட்டத்துக்கும் தலைநகரின் வாசலில் போய்க் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் மேலே வைத்த கலசம்தான் கட்டடக்கலைஞர் பிராங்க் கெரியின் டைட்டானியக் கட்டடம், அதாவது அந்த அருங்காட்சியகம். கலசத்தை மட்டும் வாங்கிவந்து தரையில் வைத்தால் கோபுரம் ஆகிவிடுமா?

கலசம் மட்டும் வாங்கிய ஊர்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஃபிளின்ட், ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். கார் வேலை குறையத் தொடங்கியதும், 1984-ல் கார்களைப் பற்றியே ‘ஆட்டோவேர்ல்ட்’ என்று ஒரு உள்ளரங்கக் கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். ஆறு மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. ஸ்பெயினிலேயே அவிலெஸ் என்ற எஃகு நகரம், ஆஸ்கர் நீமாயர் வடிவமைத்த பண்பாட்டு மையத்தை 2011-ல் திறந்தது. நிர்வாகச் சண்டையில் அதே ஆண்டு அது மூடப்பட்டு, பிறகு மறுபடி திறந்தது.

சரி, ‘உலக நகரம்’ என்றால் என்ன? கட்டுரை இதைச் சொல்லவே இல்லை. 1991-ல் சமூகவியலாளர் சஸ்கியா சாசென் இந்தக் கருத்தை விளக்கியபோது எடுத்துக்கொண்டவை நியூயார்க், லண்டன், டோக்கியோ. தொழிற்சாலைகள் உலகமெங்கும் சிதறச் சிதற, அவற்றை ஆட்டுவிக்கும் நிதி, சட்டம், கணக்கு, விளம்பரம் போன்ற வேலைகள் சில நகரங்களில் போய்க் குவிகின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். பிறகு வந்த, உலக நகரங்களை ஆல்பா, பீட்டா, காமா என்று பிரிக்கும் தரவரிசையும் ஏறக்குறைய இதே வழியில், இத்தகைய நிறுவனங்களின் அலுவலகங்கள் எந்தெந்த நகரங்களில் இருக்கின்றன, அவை எவ்வளவு முக்கியமானவை என்று பார்த்துப் போடப்படுவதுதான். ஓர் ஊரில் என்ன செய்கிறார்கள், அங்கே தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஆக, நான்கு லட்சம் பேர் வாழும் பழைய ஆலை நகரம் இந்தப் பட்டியலில் ஏறப் பாடுபடுகிறது என்றால், யாரோ ஒருவருடைய கிளை அலுவலகத்துக்காகப் பாடுபடுகிறது என்று பொருள். சிக்கனம் என்ற பேச்சு வந்தால் முதலில் மூடுவது கிளையைத்தான்.

இந்தப் போட்டி எப்படி முடியும் என்பதை 2017-ல் பார்த்தோம். அமேசான் தன் இரண்டாம் தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அறிவித்ததும் 238 விண்ணப்பங்கள் போயின. வரிச்சலுகைகளை அள்ளி வைத்தார்கள். இறுதிச் சுற்றின் இருபது இடங்களில் பழைய எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கும் இருந்தது. கடைசியில் தேர்வானவை நியூயார்க்கும் வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவும். தேர்வு எழுதியவர்கள் அத்தனை பேர், ‘பாஸ்’ ஆனது ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள்! நியூயார்க்கிலோ உள்ளூர் எதிர்ப்பு கிளம்பி, 2019 பிப்ரவரியில் அமேசான் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

பிட்ஸ்பர்க்கைக் கட்டுரையாளர் வெற்றிக் கதையாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் தொடங்கியது 1979-ல். எண்பதுகளில் எஃகு ஆலைகள் கொத்துக்கொத்தாக மூடியபோது அந்த ஆய்வுக்கூடம் வேலையில் இறங்கியிருந்தது. ஜி-20 தலைவர்கள் அங்கே கூடியது 2009-ல், அதாவது முப்பது ஆண்டு கழித்து. பெயர் பின்னால்தான் வந்தது. பெயர் வந்த பிறகும் ஊர் பழைய அளவுக்குப் பெருகவில்லை. 1950-ல் சுமார் 6.77 லட்சம் பேர் இருந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பின்படி 3.03 லட்சம் பேர். இதைத் தோல்வி என்று நான் சொல்லவில்லை. அளவு சிறுத்த ஊரும் நல்ல ஊராக இருக்கலாம். கட்டுரை இந்த எண்ணைச் சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது.

நான் லேத்தில் நின்று வேலை பார்த்தவன். நாங்கள் செய்த பீஸ் எந்த நாட்டுக்குப் போகிறது என்றுகூடப் பல நேரம் தெரியாது. வாங்குகிறவருக்கும் எங்கள் ஊர்ப் பெயர் தெரியாது. வரைபடத்தில் போட்ட அளவுக்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான் பேச்சு. அளவு சரியாக இருந்தால் அடுத்த ஆர்டர் வரும். அதனால்தானோ என்னவோ, இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டின் கதை எனக்கு நெருக்கமாகப் படுகிறது. அந்த ஊர் உலகப் புகழை எங்கும் போய்க் கேட்கவில்லை. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசை என்ற உருக்குக் கலத்தில் எஃகு உருக்கினார். 1913-ல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்தார். கத்தியின் அலகில் குத்திய முத்திரையாக ஊர்ப் பெயர் கடல் கடந்து போனது.

ஆலைகள் சரிந்த பிறகு அதே ஊர் கேட்கப் போனது. 1991-ல் உலகப் பல்கலைக்கழக மாணவர் விளையாட்டுப் போட்டியை நடத்தியது. அதற்காக வாங்கிய கடனை நகராட்சி பல பத்தாண்டுகளாகக் கட்ட வேண்டிவந்தது. 1999-ல் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு செலவில், லாட்டரி நிதியின் உதவியோடு, பாப் இசைக்கென்று ஒரு தேசிய மையம் திறந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, அடுத்த ஆண்டே மூடினார்கள். இப்போது அது மாணவர் சங்கக் கட்டடம். அப்புறம் 2001-ல், அவ்வளவு ஆரவாரம் இல்லாமல், ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் போயிங்கும் சேர்ந்து ஓர் உற்பத்தி ஆய்வு மையத்தைத் தொடங்கின. 1984 சுரங்க வேலைநிறுத்தத்தில் போலீசும் தொழிலாளர்களும் மோதிய ஆர்கிரீவ் பக்கம்தான் அது வளர்ந்திருக்கிறது. உலோகம் கடையத் தெரிந்த ஊருக்கு உலோகம் கடையும் வேலையே மறுபடி சோறு போடுகிறது. ஒரே ஊருக்குள் இரண்டு வழியும் பரிசோதிக்கப்பட்டுவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நெதர்லாந்தின் ஐந்தோவன் இன்னும் நல்ல உதாரணம். பிலிப்ஸ் வளர்ந்த ஊர் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிலிப்ஸ் ஆட்களைக் குறைத்தது, 1993-ல் டாஃப் லாரி நிறுவனம் திவாலானது, பிறகு பிலிப்ஸின் தலைமையகமே ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டது. ஆனால் 1984-ல் பிலிப்ஸ் வளாகத்துக் கொட்டகைகளில் தொடங்கிய ஏஎஸ்எம்எல், பக்கத்து ஊரான வெல்தோவனில் வளர்ந்தது. மிக நுண்ணிய சிப்புகளை அதீத புற ஊதா ஒளியால் அச்சிடும் ஈயூவி இயந்திரத்தை இன்று உலகில் செய்வது அந்த நிறுவனம் மட்டும்தான். ஐந்தோவன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள்கூட, அந்த இயந்திரத்தில் அச்சான சிப்பைக் கைபேசிக்குள் பையில் வைத்திருக்கிறார்கள். இந்த வளர்ச்சிக்கும் விலை உண்டு. வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. 2024-ல் நெதர்லாந்து அரசு அந்தப் பகுதிக்கு 250 கோடி யூரோ ஒதுக்கியபோது, அது எதற்கு என்று பாருங்கள்: வீடு, தொழிற்படிப்பு, சாலை, ரயில், மின்கட்டமைப்பு.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆலை மூடிய ஊரில் வருமானம் மட்டும் போவதில்லை, ஊர்க்காரர்களுக்கே ஊர்மேல் இருந்த பிடிப்பும் போய்விடுகிறது. ‘இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது’ என்று பெற்றோரே பிள்ளைகளை வெளியே அனுப்புகிறார்கள். 1983-ல் ஸ்காட்லாந்தின் பழைய ஆலை நகரமான கிளாஸ்கோ சிரிக்கும் முகத்தோடு ஒரு விளம்பர இயக்கம் நடத்தியது, 1990-ல் ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாக இருந்தது. அதனால் ஊரின் மனநிலை மாறியது என்று சொன்னால் நம்புகிறேன். ஆனால் அதே கிளாஸ்கோவில், 2021 நவம்பரில் உலகத் தலைவர்கள் பருவநிலை மாநாட்டுக்கு வந்து இறங்கிய நேரத்தில், குப்பை அள்ளும் தொழிலாளர்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகம் பார்க்கும் நேரத்தில்தான் தங்கள் குரல் காதில் விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தஸ்துக்கு அப்படியும் ஒரு பயன் உண்டு போலிருக்கிறது.

வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வெளிநாட்டு மாணவர்கள் வரட்டும், வேலை தேடி வருகிறவர்கள் குடியேறட்டும், சரக்கு போக நல்ல பாதை இருக்கட்டும். இவையெல்லாம் தொடர்பு. அந்தஸ்து வேறு. தொடர்புக்குச் செலவழித்த பணம் ஊருக்குள் சுற்றும். அந்தஸ்துக்குச் செலவழித்த பணம் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களின் வழியாக வெளியே போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரை தொடராக வருமானால், அடுத்த பகுதியில் ஜெர்மனியின் எம்ஷர் ஆற்றைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ரூர் பகுதியில் நிலக்கரி தோண்டத் தோண்ட நிலம் இறங்கியதால் சாக்கடைக் குழாய்களைப் பூமிக்குள் பதிக்க முடியவில்லை, ஆற்றையே சாக்கடையாக்கிவிட்டார்கள். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்த பிறகு, 1992-ல் அதை மீட்கும் வேலையைத் தொடங்கினார்கள். 2021 கடைசியில்தான் ஆறு கழிவுநீரிலிருந்து முழுதாக விடுபட்டது. சுமார் 550 கோடி யூரோ, முப்பது ஆண்டு. கட்டுரையோடு போட அட்டகாசமான படம் ஏதும் கிடைக்காது என்று இப்போதே எச்சரித்துவிடுகிறேன். அந்த வேலையின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் போகும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய்.

இப்படிக்கு,
லேத்தை விட்டு ஓய்வுபெற்ற ஒரு வாசகர்