ஈவா பிரவுனின் வண்ணப் படச்சுருள்களைக் காட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்று ஆவணப்படங்களைத் தயாரிப்போருக்கும், அவற்றைத் தமிழில் குரல்கொடுத்து ஒளிபரப்புவோருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் பற்றிய படங்களில் நீங்கள் திரும்பத் திரும்பச் சேர்க்கும் ஒரு காட்சி குறித்தே இம்மடலை எழுதுகிறேன். தெற்கு ஜெர்மனியின் ஓபர்சால்ஸ்பர்க் மலையில் ஹிட்லரின் பெர்க்ஹோஃப் இல்லம், பின்னே ஆல்ப்ஸ் சிகரங்கள், காலைச் சுற்றிவரும் இரண்டு ஸ்காட்டிஷ் டெரியர் நாய்கள், வெயிலில் சிரிக்கும் இளம்பெண்கள். ஹிட்லரின் காதலி ஈவா பிரவுன் தம் 16 மி.மீ. கேமராவில் எடுத்து, பின்னர் அமெரிக்கப் படையினர் கைப்பற்றிய அந்தச் சுருள்களை, உலகத்துக்கு மறைக்கப்பட்ட ஒரு காதலின் நினைவுகளாக மெல்லிய இசையோடு காட்டுகிறீர்கள். அவற்றைக் காட்ட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எப்போது எடுக்கப்பட்டவை, உடன் நிற்பவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஈவா தனியாக வாழ்ந்தவர் அல்லர். ம்யூனிக்கில் ஒரு தொழிற்பள்ளி ஆசிரியருக்கும் முன்பு தையல் வேலை பார்த்த தாய்க்கும் பிறந்த மூன்று பெண்களில் நடுவிலவர். 1929-இல், 17 வயதில், ஹிட்லரின் புகைப்படக்காரரான ஹாஃப்மனின் கடையில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில்தான் ஹிட்லரைச் சந்தித்தார். 1932-இலும் 1935-இலும் தற்கொலைக்கு முயன்றார். அந்தத் துயரம் உண்மையானது. அதை மறுக்க எனக்கு மனமில்லை. மகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்படி தந்தை 1935-இல் ஹிட்லருக்கு ஒரு கடிதம் எழுதினார் என்றும், அது ஈவாவின் கைக்கே வந்து கிழிக்கப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. உங்கள் படங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அடுத்த ஆண்டே ஈவாவும் தங்கை கிரெட்டலும் ம்யூனிக்கில் ஹிட்லரின் செலவில் கிடைத்த வீட்டில் குடியேறியதும், மனம் மாறிய அதே தந்தை 1937-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்ததும், பெற்றோர் பெர்க்ஹோஃபில் விருந்தினராகத் தங்கியதும் அதற்குப் பிறகு நடந்தவை. மூத்தவரான இல்சே பணிபுரிந்தது ஒரு யூத மருத்துவரிடம். அந்த மருத்துவர் 1938-இல் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. யூதர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை அந்தக் குடும்பம் அறியவே இல்லை என்ற தொனி இதன் முன் எப்படி நிற்கும்?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கிரெட்டலின் திருமணம். 1944 ஜூன் 3 அன்று சால்ஸ்பர்க்கில் நடந்தது. மலையில் விருந்தும் ஆட்டமும் தொடர்ந்தன. ஈவா அதைத் தம் சொந்தத் திருமணம்போல் முன்னின்று நடத்தினார். மணமகன் ஹெர்மன் ஃபெகெலைன், நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ்.-இன் தளபதி. 1941 கோடையில், இன்றைய பெலாரஸ்-உக்ரைன் எல்லையை ஒட்டிய பிரிபெட் சதுப்புநிலப் பகுதியில் ஆயிரக்கணக்கான யூதர்களைக் கொன்றுகுவித்த எஸ்.எஸ். குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். திருமணம் நடந்த நாளில் ஹங்கேரியிலிருந்து யூதர்களை ஏற்றிய ரயில்கள் ஆஷ்விட்ஸ் கொலை முகாம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. மே மாத நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை அவ்வாறு ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,37,000 பேர். மணமக்களின் படத்தைக் காட்டும்போது இந்த இரண்டு செய்திகளைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

ஈவாவே தம்மைப் பற்றி எது எஞ்ச வேண்டும், எது அழிய வேண்டும் என்று யோசித்தவர். 1945 ஏப்ரல் 23 அன்று பெர்லின் பதுங்கு அறையிலிருந்து கிரெட்டலுக்கு எழுதிய கடிதத்தில், ஹிட்லரின் கடிதங்களை நீர்புகாதபடி கட்டிப் புதைத்துவைக்கச் சொல்கிறார்; தம் தையல் கணக்கு ரசீதுகள் யார் கையிலும் சிக்கக்கூடாது என்கிறார். அந்த வாழ்க்கைக்கு ஆன செலவை மறைத்துவிட்டுக் காதலை மட்டும் காப்பாற்றும் ஏற்பாடு அது. உங்கள் தொகுப்பு மேசையிலும் அதே தேர்வு நடப்பதுதான் எனக்கு வேதனை.

ஆகவே, இந்தச் சுருள்கள் வரும் ஒவ்வொரு இடத்திலும், தெரிந்த அளவுக்கு, ஆண்டையும் படத்தில் இருப்பவர்களின் பதவியையும் திரையில் எழுத்தாகப் போடுங்கள். ஃபெகெலைன் தோன்றும் இடத்தில் அவருடைய படைப்பிரிவு செய்ததைச் சொல்லுங்கள். ஏற்கெனவே தமிழாக்கப்பட்டு மறுஒளிபரப்பாகும் படங்களில் குரல்பதிவை மாற்ற இயலாவிட்டாலும், எழுத்தைச் சேர்க்க இயலும், அதிலிருந்தாவது தொடங்குங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் படங்களை விடாமல் பார்த்துவரும் ஒருவன்